முகூர்த்தத் தேதியைக் கேட்காதீர்கள்

நடந்தது இது:

1. பெரியவர்கள் கல்யாணத்துக்கு முகூர்த்த நாள் குறித்தார்கள்.
2. பெங்களூரில் வேலை பார்த்த மணப்பெண் அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினாள். அங்கேயே ஒரு மருத்துவரிடம் முகத்துக்குக் கெமிக்கல் பீல் செய்துகொண்டாள். மருந்து தடவி மேல்தோலை உரியவிடும் சிகிச்சை அது.
3. மருத்துவர் செய்ததில் குறையில்லை. முகூர்த்தத்துக்குள் பழைய தோல் உரிந்து புதுத்தோல் வந்துவிடும் என்றார். அதுவும் சரிதான்.
4. முகூர்த்தத்துக்கு முன்னால் நலங்கு என்று ஒன்று உண்டு என்பது அந்த அறையில் இருந்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.
5. நலங்குக்கு முதல்நாள் அவள் தேனியில் என் அறைக்கு வந்து, முகத்தைச் சுற்றியிருந்த துப்பட்டாவை அவிழ்த்தாள்.
6. மறுநாள் காலை நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அவள் ஊரான மார்க்கையன்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.
7. அங்கே ஓர் அத்தை, அரைத்த மஞ்சளோடு காத்திருந்தார்.

இந்த மாதம் நம் தோல் மருத்துவமனையில் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்காகவும் இதை எழுதுகிறேன். நான் கிளம்பியபின் இந்த அறையில் உட்காரப்போகிறவர்கள் நீங்கள். லேசரை எந்த அளவில் வைப்பது, எந்த அமிலத்தை எவ்வளவு நேரம் விடுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மறந்துபோனால் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் அத்தைகள் இல்லை. ஆகவே அத்தையைப் பற்றி எழுதுகிறேன்.

சம்பந்தப்பட்ட இரண்டு பெண்களிடமும் அனுமதி வாங்கிவிட்டேன். பெயரை மாற்றியிருக்கிறேன், ஊரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறேன். அத்தை ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "எழுது. ஆனா என் வயசப் போடாத." போடவில்லை.

முதலில் நீங்கள் சந்திக்கப்போகும் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முகம் இளமையாக வேண்டும் என்று வருகிறவர்கள் வயதானவர்களாக இருப்பார்கள் என்று நம்பித்தான் நானும் இந்த ஊருக்கு வந்தேன். வருகிறவர்கள் இருபதுகளில் இருக்கிறார்கள். கண்ணுக்குக் கீழே கோடு விழுந்துவிட்டது என்று ஒருத்தி அழுவாள். அந்தக் கோட்டைப் பார்க்க நீங்கள் விளக்கைத் திருப்ப வேண்டியிருக்கும். ஒருவன் செல்போனில் தன் படத்தையே காட்டி, "இந்த மாதிரி ஆகணும் டாக்டர்" என்பான். படத்தில் இருப்பது அவன்தான். ஆனால் செல்போன் அவனைத் தேய்த்து மெழுகி வைத்திருக்கும்.

இவர்களுக்கு நம் கையில் இருப்பவை: வெயிலைத் தடுக்கும் க்ரீம், இரவில் பூசும் க்ரீம், பருத் தழும்புக்கு நுண்ணூசி, பீல், லேசர், சுருக்கம் விழாமல் தசையை அசையவிடாத ஊசி, குழிந்த இடத்தை நிரப்பும் இன்னொரு ஊசி. கடைசியாக ஒன்று உண்டு. அதை யாரும் விளம்பரப் பலகையில் எழுதுவதில்லை. ஒன்றும் செய்யாமல் வீட்டுக்கு அனுப்புவது. இந்த வயதில் முதல் இரண்டும் கடைசியும் சேர்ந்தே பெரும்பாலான முகங்களுக்குப் போதும். மெடிக்கலில் வாங்கி வந்து மாதக்கணக்கில் பூசிய ஸ்டீராய்டு க்ரீமை நிறுத்தவைத்தாலே பாதி முகங்களுக்குப் பத்து வயது குறைந்துவிடும். ஆனால் இதைச் சொன்னால் எதிரே இருப்பவர் ஏமாந்த முகத்தோடு பார்ப்பார். ஊசி போடாத டாக்டரைக் காய்ச்சலுக்கு வந்தவர் பார்ப்பது போல.

சரி, மணப்பெண்ணுக்கு வருகிறேன். சுதா என்று வைத்துக்கொள்வோம்.

துப்பட்டா இறங்கியதும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாயைச் சுற்றியும் கன்னத்திலும் தோல் பழுப்பாகக் காய்ந்து, ஓரங்களில் சுருண்டு நின்றது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். எல்லாம் நடக்கவேண்டிய வரிசையில்தான் நடந்துகொண்டிருந்தது. இடது தாடையோரம் மட்டும் ஒரு கீற்று பச்சைப் புண்ணாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது ஒரு நுனி தட்டுப்பட்டதாகவும், சும்மா லேசாக இழுத்ததாகவும், அது தானாகவே வந்துவிட்டதாகவும் சொன்னாள். உரியும் தோலை இழுத்தவர்கள் எல்லோரும் இந்த மூன்று வாக்கியங்களை இதே வரிசையில் சொல்வார்கள்.

அந்தக் கீற்றைக் காட்டத்தான் வந்திருந்தாள். முகூர்த்தத்துக்குள் ஆறிவிடுமா என்று கேட்டாள். ஆறிவிடும், கொஞ்ச நாள் கறை இருக்கும், அலங்காரத்தில் மறைந்துபோகும் என்றேன். அவள் துப்பட்டாவை மறுபடி சுற்றிக்கொண்டு எழுந்தபோது, பேச்சுவாக்கில் கேட்டேன்:

"நலங்கு எப்போ?"

"நாளைக்கு. எதுக்கு டாக்டர் கேக்குறீங்க?"

நான் அவள் கன்னத்தைப் பார்த்தேன். அவள் கை மெல்ல உயர்ந்து கன்னத்தருகே போய் நின்றது. பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

இந்தப் பக்கத்து நலங்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெண்ணை மணையில் உட்காரவைத்து, உறவுக்காரப் பெண்கள் வரிசையாக வந்து மஞ்சளும் சந்தனமும் பூசுவார்கள். யாரும் பஞ்சு வைத்து ஒற்றுவதில்லை. பாசம் அதிகமானவர்கள் அதிகமாகவே தேய்ப்பார்கள். பாதி உரிந்த முகத்தில் அத்தனை கைகள் தேய்த்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம்முடையது போன்ற மாநிறத் தோலில் அந்தப் புண் ஆறிய இடம் கறுக்கும். மாதங்கள் ஆகும், சில சமயம் வருஷமாகும். மேடையில் கறுத்துப்போன கன்னத்தோடு நிற்பாள். அதே கன்னத்தோடு புகுந்த வீட்டுக்குப் போவாள்.

வீட்டில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது. அம்மாவிடம் சொல்லலாமே என்றேன். அம்மாவிடம் சொன்னால் அத்தைக்குப் போய்விடும் என்றாள். அப்பாவின் அக்கா. குமுளியில் ஏலத்தோட்டம் உள்ள வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே அவர்தான். மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசும்போது அவர் அடித்துச் சொன்ன ஒரு வாக்கியம் இருந்தது.

"எங்க புள்ள பச்சத்தண்ணியில மொகங் கழுவுற புள்ளன்னு சொல்லிட்டாக டாக்டர். அத்தைகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

பிறகு ஏன் செய்துகொண்டாய் என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். பெண் பார்ப்பதற்கு அனுப்பிய படத்தை சின்னமனூரில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தார்களாம். அங்கே இருந்தவர் தன் வழக்கப்படி பருத் தழும்புகளை எல்லாம் அழித்துக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை வீடு அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சரி என்றது. அன்றிலிருந்து இவள் அந்தப் படத்தை எட்டிப்பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை என் முன்னால் இருந்த வழிகளை மனதில் வரிசைப்படுத்திப் பார்த்தேன். உண்மையைச் சொல்வது: அவள் அனுமதி இல்லை, ஆகவே இல்லை. மஞ்சள் ஒத்துக்கொள்ளாது என்பது: பிறந்ததிலிருந்து மஞ்சள் பூசிக் குளித்தவள், யார் நம்புவார்கள்? அம்மை போட்டிருக்கிறது என்பது: கல்யாணமே தள்ளிப்போகும். முகத்தில் கனமாகக் களிம்பைப் பூசி அனுப்புவது: ஒரு கையைத் தாங்கும், வரிசையைத் தாங்காது. எல்லா வழியும் அடைபட்டபின், "நீங்களும் வந்துருங்களேன் டாக்டர், என் கூடப் படிச்சவங்கன்னு சொல்லிக்கிறேன்" என்றாள் சுதா. எனக்கும் வேறு யோசனை வரவில்லை. நான் பொய் சொல்லவில்லை. அவள் சொல்வாள், நான் மறுக்கமாட்டேன். அவ்வளவு நெளிவு நம் தொழிலுக்குத் தேவை.

காலையில் நான் போனபோது பந்தலில் வாழை கட்டியாகிவிட்டது. மாப்பிள்ளையின் அக்கா வரிசைத் தட்டோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். சுதாவின் முகத்தில் நான் உள்ளறையில் பூசிவிட்ட களிம்பு பளபளத்தது. புள்ளைக்கு இப்பவே கல்யாணக் களை வந்துருச்சு என்று யாரோ சொன்னார்கள். அடுப்படிப் பக்கம் ஒரு பெண் மஞ்சள் கிண்ணத்தில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டிருந்தார். நிறம் எடுக்குமாம். நான் மணைக்கு இன்னும் கிட்டே போய் நின்றுகொண்டேன்.

முதல் கை அத்தையின் கை. அது அந்த வீட்டு வழக்கம். அவர் பட்டுச்சேலையில், கையில் கிண்ணத்தோடு, தெருத்தேர் போல நடந்து வந்தார். நான் மணைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கையிலும் காலிலும் பூசினால் போதாதா அத்தை, பட்டு ரவிக்கையில் மஞ்சள் ஒட்டுமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"ஏத்தா, நீ யாரு?"

கூடப் படித்தவள் என்றாள் சுதா.

"படிச்ச புள்ள பேசுற பேச்சா இது? மொகத்துல பூசாம நலங்கு வச்சாகன்னா ஊருல சிரிக்க மாட்டாகளா? நீ அங்கன தள்ளி நில்லு."

அத்தைக்கு நல்ல கோபம். குரல் ஏறியது, மூக்கு விடைத்தது, கண் விரிந்தது. அப்போதுதான் பார்த்தேன். வாய் கோபப்பட்டது, கண் கோபப்பட்டது, நெற்றி மட்டும் கலந்துகொள்ளவில்லை. ஒரு கோடு கிடையாது. புருவம் ஏறவில்லை. மாவு சலித்துக் கொட்டிய தட்டு போல வழவழவென்று இருந்தது. அந்த வயதில், அவ்வளவு கோபத்தில், அப்படி ஒரு நெற்றியை இயற்கை யாருக்கும் கொடுப்பதில்லை. ஊசி. அதுவும் போட்டு ரொம்ப நாள் ஆகவில்லை. போட்டவர் தாராள மனசுக்காரர்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பார்வையை எடுக்கத்தான் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. எவ்வளவு தாமதம், வேண்டுமென்றா என்பதெல்லாம் என்னைக் கேட்காதீர்கள்.

கிண்ணத்துக்குள் போன அத்தையின் விரல் அங்கேயே நின்றது.

"என்ன படிச்ச?"

"டாக்டருக்கு, அத்தை."

"அதான், என்ன டாக்டரு?"

"தோல் டாக்டர்."

அத்தை கிண்ணத்தைப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்தார். பூ பத்தாது போலிருக்கு, ஒரு நிமிஷம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, என் முழங்கையைப் பிடித்துக் கிரைண்டர் இருந்த பின்கட்டுக்கு நடத்திக்கொண்டு போனார். பிடி பலமாக இருந்தது.

நீங்கள் கவனிக்க வேண்டியது இந்த இடத்தை. என் கையில் இரண்டு ரகசியங்கள் இருந்தன. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் காப்பாற்றலாம். "நீங்கள் மட்டும் செய்துகொள்ளலாமா" என்று ஒரு வார்த்தை போதும்; அத்தை அந்த இடத்திலேயே அடங்கிப்போவார். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சொன்னால், அவர் முகத்தைப் பற்றிப் பேசக்கூடியவள் நான் என்று அவருக்குத் தெரிந்துபோகும். பிறகு அவர் என்னை நம்பவும் மாட்டார், மன்னிக்கவும் மாட்டார். பந்தலில் ஒரு கிண்ணம் மஞ்சள் தயாராக இருந்தது.

"தெரியுதா?" என்றார் அத்தை, நெற்றியைத் தொட்டுக்கொண்டு.

"நான் எதையும் பாக்கல அத்தை. யார் மொகத்தப் பத்தியும் யார்கிட்டயும் பேசமாட்டேன்."

"எங்க வீட்டுக்காரகளுக்கே தெரியாது. மகளப் பாக்கக் கொச்சிக்குப் போன எடத்துல…"

"எங்கிட்ட நீங்க சொல்லவே வேண்டாம்."

அவர் மூச்சு விட்டார். முகம் இளகியது, இளக முடிந்த பகுதி மட்டும். திரும்பிப் போகக் காலெடுத்து வைத்தவர், நின்றார். நான் சொன்னதை மறுபடி மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"யார் மொகத்தப் பத்தியும்னா?"

நான் பேசாமல் நின்றேன்.

"நீ அவ கூடப் படிச்சவ இல்ல. அவ படிச்சது கம்ப்யூட்டரு."

அத்தை பின்கட்டு வாசலிலிருந்து எட்டி மணையைப் பார்த்தார். காலை வெளிச்சம் சுதாவின் கன்னத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. களிம்புக்கு அடியில் சுருண்டு நின்ற தோலின் ஓரங்கள், தேடிப் பார்ப்பவருக்குத் தெரியும். அத்தை தேடிப் பார்த்தார்.

"உரிச்சிருக்காளா?"

நான் கிரைண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ வாயத் தெறக்காத, அதுதான் ஒன் வேலை. தலைய ஆட்டாத. நானே பேசிக்கிறேன். இப்ப மஞ்சள வச்சா கறுத்துரும். கொச்சியில எனக்கும் ஒரு தடவ செஞ்சாக, பத்து நாளு வெளிய வரல. பச்சத்தண்ணியில மொகங் கழுவுற புள்ளைன்னு சொல்லித் தொலச்சேனே." பிறகு குரலைத் தாழ்த்தி, "கழுதைக்கு எங்கிட்டச் சொன்னா என்னவாம்?" என்றார். அதில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

அவர் பந்தலுக்குத் திரும்பியபோது நான் இரண்டடி பின்னால் போனேன். என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

கிண்ணத்தை வாங்கினார். சுதா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அத்தை குனிந்து, நிதானமாக, அவளுடைய வலது பாதத்தில் மஞ்சளைப் பூசினார். பிறகு இடது பாதம். பிறகு இரண்டு புறங்கை. நிமிர்ந்து, அடுத்தவரிடம் கிண்ணத்தை நீட்டினார்.

"மொகத்துக்கு?" என்றார் அடுத்தவர்.

"மொகத்துக்குக் கெடையாது. தாலி ஏறுற வரைக்கும் பொண்ணு மொகத்துல யாரு கையும் படக்கூடாது. எங்க பக்கம் பெரிய வீடுகள்ல இப்படித்தான். பாதத்துல வச்சாத்தான் அது நலங்கு."

பந்தலில் கொஞ்சம் சலசலப்பு. நம் வகையறாவில் அப்படி எப்போதிருந்து என்று ஓர் உறவுக்காரர் கேட்டார். ஒனக்கு வச்ச நலங்கு ஒனக்கு ஞாபகம் இருக்கா என்று அத்தை திருப்பிக் கேட்டார். அவர் யோசிக்க ஆரம்பித்தார். யோசித்து முடிப்பதற்குள் கிண்ணம் மூன்று கை தாண்டிவிட்டது.

மாப்பிள்ளையின் அக்கா சுலபமாக விடுபவர் அல்ல. எங்க பக்கம் இந்த மாதிரிக் கேள்விப்பட்டதே இல்லையே என்றார்.

"அதுக்குத்தான மோளே எங்க வீட்டுல பொண்ணு எடுக்குறீக?" என்றார் அத்தை. குமுளிக்காரர், குழையவேண்டிய நேரத்தில் மலையாளம் வந்துவிடும்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆனால் செல்போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு, சாத்திரத்துக்கு நெற்றியில் ஒரே ஒரு பொட்டு என்று மஞ்சள் விரலோடு எழுந்து வந்தார். நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். வைத்து என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. அதற்குள் அத்தை அந்த விரலுக்கும் சுதாவுக்கும் நடுவில் தன் முகத்தை நீட்டிவிட்டார்.

"அவளுக்கு வைக்கிறத எனக்கு வையி. பெரியவ வாங்கிக்கிட்டா அவளுக்குப் போயிச் சேரும்."

அந்த வழவழப்பான நெற்றியில் மாப்பிள்ளையின் அக்கா மஞ்சள் பொட்டு வைத்தார். அத்தை முகத்தில் சின்ன அசைவுகூட இல்லை. அசைக்கத்தான் முடியாதே.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை இரண்டுதான். ஒன்று, கல்யாணத்துக்கு முன்னால் வருகிறவர்களிடம் முகூர்த்தத் தேதியைக் கேட்காதீர்கள். அதை அவர்களே சொல்வார்கள். முகத்தில் முதல் கை எந்த நாளில் படும் என்று கேளுங்கள். இங்கே அது நலங்கு. உங்களிடம் வருகிறவர் வீட்டில் வேறு ஏதாவதாக இருக்கலாம், கேட்டால்தான் தெரியும். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். காலம் போதாது என்றால், எவ்வளவு கெஞ்சினாலும் பீலும் லேசரும் வேண்டாம், வெயில் க்ரீமோடு அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது கொஞ்சம் கஷ்டம். வாயை மூடிக்கொண்டிருப்பது என்றால் நம்மிடம் வருகிறவருக்கு மட்டும் அல்ல. தெருவில், பஸ்ஸில், கல்யாணப் பந்தலில் பார்க்கும் முகங்களுக்கும் சேர்த்துத்தான். உங்கள் கண் பழகிவிடும். யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று தானாகவே தெரியும். தெரிந்ததை ஒரே ஒரு தடவை, நல்ல காரியத்துக்காகவே பயன்படுத்தினாலும், அடுத்த முகம் உங்களிடம் வராது. அன்று அத்தை எங்கள் பக்கம் வந்தது, அவருடைய முகத்தை நான் விட்டுவைத்தேன் என்பதால்தான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. தோல் தானாக உரிந்து விழுந்தது. புதுத்தோலின் மேல் அலங்காரம் படிந்தது. படத்தில் யாரோ போல இருந்த சுதா நேரில்தான் சுதாவாக இருக்கிறாள் என்று மாப்பிள்ளை சொன்னாராம். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று அவள் என்னைக் கேட்டாள். எடுத்துக்கொள் என்றேன். அத்தை சில மாதம் கழித்து நம் மருத்துவமனைக்கே வந்தார். ஊசியின் வேகம் இறங்கத் தொடங்கியிருந்தது. இந்தத் தடவை அளவைக் குறைத்துப் போடச் சொன்னார். தோட்டத்து வேலையாட்களைத் திட்டும்போது யாரும் பயப்படுவதில்லையாம்.

இப்போதைய நிலவரம்: சுதாவின் தாடையோரக் கறை பெரும்பாலும் போய்விட்டது, வெயிலில் அலைந்த நாளில் மட்டும் லேசாகத் தெரிகிறது. அவள் முகத்துக்கு வெயில் க்ரீம் தவிர வேறு எதுவும் செய்துகொள்ளவில்லை. அத்தையின் அளவைக் குறைத்திருக்கிறேன். இனிமேல் உங்களிடம் வருவார், அதே அளவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வகையறாவில் பிறகு நடந்த கல்யாணங்கள் எல்லாவற்றிலும் மஞ்சளைப் பாதத்திலும் கையிலும்தான் பூசுகிறார்கள். காரணம் கேட்டால், எங்களில் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் என்கிறார்கள்.